கிணறு யாருக்கு?

அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகியும் பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும் தோட்டங்கள் நம் ஊர்களில் ஏராளம். பயிர்க்கடன் கேட்டுப் போகும்போதுதான் அது உறைக்கும்.

சொத்து யாருக்கு என்று முன்கூட்டியே எழுதிவைக்க உயில் ஒரு வழி. அதை எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்தோடு இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுவது நல்லது. உயிரோடு இருக்கும்வரை அதை எத்தனை முறையும் மாற்றலாம். உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் அப்படியல்ல. எழுதிப் பதிந்தால் பொதுவாகத் திரும்ப வாங்க முடியாது. மகன் நச்சரிக்கிறான் என்று அவசரப்படும் அப்பாக்கள் கவனிக்க!

பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டுமே எழுதிவைக்க முடியும். இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாடு 1989-லேயே இதற்குச் சட்டம் திருத்தியது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. ‘கல்யாணத்துக்குத்தான் நகை போட்டோமே’ என்ற பேச்சு கோர்ட்டில் எடுபடாது.

பங்கு பிரிக்கும்போது நிலத்தை அளந்து பிரித்துவிடலாம். கிணறு ஒன்றுதானே? மோட்டாரும் மின் இணைப்பும்கூட ஒன்றுதான். யாருக்கு எந்த நாள் தண்ணீர், வண்டிப்பாதை எந்தப் பக்கம், மோட்டார் புகைந்தால் செலவு யாருடையது? அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நிற்பது பெரும்பாலும் இங்கேதான். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது இதற்கும் நாலு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.