ஒருமுறை வரும் உதவி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷன் வரை படித்து, ரயில்வே அலுவலகப் பேரேடுகளோடு நாளைக் கழிப்பவன் நான். இலக்கியம் பேசும் இம்மேடையில் கணக்குப் பேச வந்துள்ளேன், பொறுத்தருள்க. இக்கணக்கு ஏழையின் அடுப்பைப் பற்றியது. ஆதலின் தமிழ்ச் சங்கத்திற்குப் புறம்பானதன்று.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபோது மூன்று அரசுகள் கைகொடுத்தன. நடுவண் அரசு, ஜன்தன் கணக்குடைய பெண்களுக்குத் திங்கள்தோறும் 500 ரூபாய் வீதம் மூன்று திங்கள் வழங்கியது. தமிழ்நாட்டரசு, அரிசி பெறும் குடும்ப அட்டை ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய் தந்தது; 2021-இல் மே, ஜூன் திங்களில் இரு தவணையாக 4,000 ரூபாய் தந்தது. கேரள அரசு, நல ஓய்வூதியம் எதுவும் பெறாத ஏழைக் குடும்பங்கள் 14 லட்சத்திற்கும் மேற்பட்டவற்றுக்கென 1,000 ரூபாய் வீதம் ஒதுக்கி, கூட்டுறவுச் சங்கங்களின் வழியே வழங்கியது.

கொடுத்த கைகளை வாழ்த்துவோம். ஆயினும் மூன்றையும் உற்று நோக்குங்கள். ஒன்றின் வாயில் வங்கிக் கணக்கு. மற்றொன்றின் வாயில் தமிழ்நாட்டு அட்டை. பிறிதொன்றின் வாயில் கேரளத்து மஞ்சள் அட்டை அல்லது இளஞ்சிவப்பு அட்டை. பசி எந்த வாயிலையும் திறப்பதில்லை, பதிவே திறக்கிறது.

1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டது. அது நிலத்தைப் பிரித்தது, உறவைப் பிரிக்கவில்லை. கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் வாழ்வோர்க்குப் பெண் கொடுத்த வீடு பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும். மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் கொழுந்து கிள்ளுவோர்க்குக் குலதெய்வம் திருநெல்வேலிச் சீமையில் இருக்கும். தோட்டத்து லயமோ கம்பெனிக்கு உரியது. ஓய்வு பெற்றால் லயத்தை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் முகவரி போயிற்று. முகவரி போனால் அட்டையும் ஆட்டங்காண்கிறது. அந்நேரத்தில் உதவி அறிவிக்கப்பட்டால், "அந்தப் பக்கம் கேளுங்கள்" என இரு பக்கத்தாரும் கைகாட்ட இடமுண்டு.

இன்று ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தால் அரிசி எல்லை கடக்கிறது. மாநில அரசு தன் கருவூலத்திலிருந்து தரும் ரொக்கம் கடப்பதில்லை. அந்தப் பக்கத்துப் பொங்கல் பரிசு வாளையாற்றோடு நின்றுவிடும். இந்தப் பக்கத்து ஓணப் பையும் அவ்வாறே. இதில் குறைகூற ஒன்றுமில்லை. கருவூலத்திற்கு எல்லை உண்டு.

இதற்கு மாற்றாக இரு பக்கமும் அட்டை வைத்துக்கொள்ளலாம் என எண்ணுவோர் உளர். அது சட்டத்திற்கும் மாறு, அறத்திற்கும் மாறு. ஒருவர் இரண்டு இலையில் அமர்ந்தால் பந்தியில் மற்றொருவர் பட்டினி. அத்தகைய சிலரால், ஒரே அட்டையோடு நேர்மையாக வாழ்பவர் மீதும் ஐயப்பார்வை விழுகிறது.

"ஆயிரம் ரூபாயில் வறுமை தீருமா?" என்று கேட்பார் உண்டு. தீராது. ஆயினும் மளிகைக் கடைப் பாக்கியில் பாதியை அடைத்தால், கடைக்காரர் அடுத்த வாரமும் அரிசி நிறுப்பார். அவ்வொரு வாரத்தின் அருமை பட்டினி கிடந்தவருக்கே தெரியும். ஒருமுறை உதவிக்கு உள்ள பெருங்குறை, மறுமுறை இல்லை என்பதே. ஒரு ரயிலைத் தவறவிட்டவர்க்கு அடுத்த ரயில் உண்டு, இதற்கு இல்லை. கெடு முடிந்தபின் பெயர் சேர்ப்பதால் யாது பயன்?

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் மாண்டன. அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மாண்டவர்தம் குடும்பங்களுக்குக் கேரள அரசு 5 லட்சம் ரூபாய் அறிவித்தது. இத்தகைய தொகையைப் பெறுவதற்கும் இன்னார்க்கு இன்னார் வாரிசு என்னும் சான்று வேண்டும். மண்மூடிய வீட்டில் தாள்களை எங்கே தேடுவது?

ஆதலின், துன்பம் வரும் முன்னரே செய்யத்தக்க மூன்று பணிகளை இச்சங்கத்தின் முன் வைக்கிறேன். முதலாவது, குடிபெயர்ந்தோர் தம் பெயரைப் பழைய அட்டையில் நீக்கி, வாழும் ஊரின் அட்டையில் சேர்க்கத் துணைநிற்றல். இரண்டாவது, அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கச் செய்தல். ஒரு தாளில் முருகேசன், மறு தாளில் முருகேஷ் என்றிருந்தால், வந்த பணமும் வாசலில் நிற்கும். மூன்றாவது, மலையாளம் எழுத அறியாதார்க்கு மனு எழுதிக் கொடுத்தல். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே விடைபெறவும் இடமளித்தது. இதனை நம்மவருள் பலர் அறியாதிருத்தல் வருந்தத்தக்கது.

இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. எழுதத் தெரிந்த இளைஞர் பத்துப் பேரும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் நம் முன்னோர். அரசு அளந்து போடட்டும்; அளக்கும் ஏட்டில் நம் ஏழை மக்களின் பெயர் விடுபடாமல் காப்பது நம் கடன். தமிழ் வளர்க்கும் சங்கம் தமிழர் வாழவும் வழிசெய்வதாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!