பணம் அனுப்பினால் போதுமா? வந்து சேர வேண்டாமா?



உங்க ஊர்ப் பள்ளிக்கு இந்த ஆண்டு அரசு எவ்வளவு பணம் ஒதுக்கியது, தெரியுமா? பலருக்கும் தெரியாது. உள்ளாட்சி வழியாக நடக்கும் திட்டங்களுக்குக் கடன் தரும் உலக வங்கி போன்ற நிறுவனங்கள், இந்தக் கேள்வியின் மதிப்பைத் தாமதமாகத்தான் உணர்ந்தன.

ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டாவைப் பாருங்க. அங்கே தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைப்படி மத்திய அரசு தரும் மானியம், மாவட்ட நிர்வாகம் வழியாகப் போனது. தலைநகரக் கணக்கில் பணம் போயாச்சு. ஆனால் 1996-ல் 250 பள்ளிகளில் ஆய்வு செய்தபோது உண்மை தெரிந்தது. 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்குக் கிடைத்தது சராசரியாக நூற்றுக்கு 13 பங்குதான்! பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குத்தான் அதிக இழப்பு.

பிறகு, மாவட்டங்களுக்கு அனுப்பும் தொகையை அரசு செய்தித்தாள்களில் வெளியிட்டது. பள்ளிகளிலும் அறிவிப்பு ஒட்டச் சொன்னது. கண்காணிப்பும் கூடியது. 2001-ல் 80 சதவீதத்துக்கும் மேல் பள்ளிகளைச் சென்றடைந்தது.

இந்தோனேசியாவில் இன்னொரு பாடம். உலக வங்கி உதவியுடன் சாலை போட்ட 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. "கட்டாயம் தணிக்கை வரும்" என்று முன்கூட்டியே சொன்ன ஊர்களில், கணக்கில் காணாமல் போகும் பணம் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. கூட்டத்துக்கு நிறையப் பேரை அழைத்தது மட்டும் பெரிய பலன் தரவில்லை. அதாவது மக்கள் பார்வையும் வேண்டும், அரசுத் தணிக்கையும் வேண்டும்.

அதற்காக உள்ளாட்சியை ஒதுக்கிவிட்டுத் தனி அலுவலகம் திறப்பது தீர்வாகாது. திட்டம் முடிந்ததும் அந்த அலுவலகம் மூடப்படும். சாலையையும் குடிநீர்த் தொட்டியையும் பிறகு பராமரிக்கப் போவது உள்ளாட்சிதானே? கடன் தருபவர்கள் அதன் கணக்கு எழுதும் திறனை வளர்க்க வேண்டும். பணம் சேரும் இடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். தொகையை மக்கள் மொழியில் அறிவிக்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன வேலை? கடனை அரசு வாங்கினாலும், திருப்பிக் கட்டுவது நம்ம வரிப்பணம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. அவசியம் போங்க. வரவு செலவு வாசிக்கும்போது மூன்றே கேள்வி கேளுங்க: எவ்வளவு ஒதுக்கினாங்க? எவ்வளவு வந்தது? எதற்குச் செலவானது?

கேட்பது உங்கள் உரிமை.