மின்சுற்றும் கணினியும்



பௌதிக ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொறியியல் பயிலும் என் பழைய மாணவர்கள் அவ்வப்போது ஒரு வினாவோடு வருவதுண்டு. “ஐயா, அச்சிட்ட மின்சுற்றுப் பலகை ஒன்று செய்யவேண்டும். அதற்கு முன் சுற்றைக் கணினியில் இயக்கிப் பார்க்க எந்த மென்பொருள் நல்லது?” என்பர். உமக்குத் தீரவேண்டிய ஐயம் யாது என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் மென்பொருளைத் தேடுவது, நோய் இன்னதென அறியாமல் மருந்துக் கடைக்குச் செல்வதை ஒக்கும்.

இத்தகைய மென்பொருள்களிற் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், லாரன்ஸ் நேகல் என்னும் மாணவர் பேராசிரியர் டொனால்ட் பீடர்சனின் வழிகாட்டுதலில் உருவாக்கிய ‘ஸ்பைஸ்’ 1973-இல் வெளிவந்தது. அதனை எவரும் பெற்றுப் பயன்படுத்தலாம் என்று பீடர்சன் உறுதியாக நின்றார். அந்தத் தாராள மனப்பான்மையால் விளைந்த பயனை உலகம் இன்றும் துய்க்கின்றது. எல்டிஸ்பைஸ், பிஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ் யாவும் அதன் வழித்தோன்றல்களே. கிர்ச்சாஃப் 1845-இல் வகுத்த விதிகளைக்கொண்டு சந்திப்புத்தோறும் சமன்பாடு அமைத்து இவை விடை காண்கின்றன. டிரான்சிஸ்டர் போன்றவற்றுக்கு ஒரு விடையை ஊகித்து, அதைத் திரும்பத் திரும்பத் திருத்துகின்றன. சிலவேளை விடை ஒருநிலைப்படாமலே நின்றுவிடுவதும் உண்டு.

மின்வழங்கிச் சுற்றை ஆராய விரும்புவோர்க்கு எல்டிஸ்பைஸ் ஏற்றது. அது விலையின்றிக் கிடைப்பது. பலகையையும் தாமே வரையப் புகுவோர்க்கு நான் கூறுவது கைகேட். பிரான்சு நாட்டு ழான் பியேர் ஷரா என்பவர் 1992-இல் தொடங்கிய மென்பொருள் அது. 2018-இல் வந்த 5-ஆம் பதிப்பிலேயே என்ஜிஸ்பைஸ் அதனுள் இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஒரே வரைபடம் சோதனைக்கும் பலகைக்கும் உதவும். இருமுறை வரைவதால் நேரும் பிழைக்கு இடமில்லை. மைக்ரோகண்ட்ரோலரில் நிரலையும் ஓட்டிப் பார்ப்பதே நோக்கமெனில் புரோட்டியஸ் உதவும். அது விலை கொடுத்து வாங்குவது. கல்லூரி வாங்கித் தந்தால் நன்று.

ஆனால் எதனைத் தேர்ந்தாலும் ஒன்றை மறவாதீர்கள். வரைபடத்தில் நீங்கள் இழுக்கும் கோடு, மென்பொருளின் கணக்கில் தடையே இல்லாத கம்பி. பலகையிலோ அது மெல்லிய செப்புத் தடம். 35 மைக்ரோமீட்டர் தடிப்பும் 1 மில்லிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உடைய தடத்தின் மின்தடை ஏறத்தாழ 0.05 ஓம். அதன் வழியே 2 ஆம்பியர் பாய்ந்தால் 0.1 வோல்ட் குறைந்துவிடும். 3.3 வோல்ட்டில் இயங்கும் சுற்றுக்கு இது சிறு இழப்பன்று. மின்னோட்டம் திரும்பி வரும் வழியிலும் இத்தகைய இழப்பு உண்டன்றோ? அந்தத் தடையையும் வரைபடத்தில் ஓர் உறுப்பாகச் சேர்த்தாலன்றிக் கணினி அதை அறியாது. பீங்கான் மின்தேக்கிகளும் அவ்வாறே. அவற்றுட் பல, மின்னழுத்தம் ஏறும்போது தம் கொள்திறனிற் பெரும்பகுதியை இழப்பவை. கணினியிலுள்ள எளிய மின்தேக்கியோ எந்நிலையிலும் மாறாதது.

புதிய மென்பொருளை நம்புமுன், விடை தெரிந்த கணக்கொன்றை அதற்குக் கொடுங்கள். 1 கிலோ ஓம் மின்தடையையும் 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியையும் தொடராக இணைத்து 5 வோல்ட் அளித்தால், 1 மில்லி செகண்டில் மின்தேக்கியில் 3.16 வோல்ட் இருத்தல் வேண்டும். தொடக்கத்திலேயே 5 வோல்ட் காட்டினால் மென்பொருளைக் குறை கூறாதீர்கள். மாறாத மின்மூலத்தை இணைத்திருப்பீர்கள். சுற்று நெடுநேரமாக இயங்கி நிலைபெற்றதாக அது கொண்டுவிட்டது. மின்மூலத்தைச் சுழியிலிருந்து 5 வோல்ட்டுக்குத் தாவுமாறு அமைத்து, மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.