ஓரக் குறிப்பு சேர்த்துவைத்த உறவு

(நமது பங்கின் 125-ஆம் ஆண்டு விழாவில், குடும்பங்களின் நாளன்று மாலை ஆற்றிய உரை)

 

'உறவு' என்னும் பொருள் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு தந்தை அவர்கள் பணித்தார்கள. நான் மேடைப் பேச்சாளன் அல்லன். ஓய்வு பெற்ற தபால்காரன். இந்த ஊரில் நான் கடிதம் கொண்டு போகாத வீடு கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுக்கே வரவேண்டிய ஒரு கடிதம் 92 ஆண்டுகள் கழித்து வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பாட்டனாருக்கு ஒரே ஒரு தம்பி. 1909-ல் இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். 1926-ல், ஒரு ஜோடிக் காளை விற்ற பணத்தால் அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வந்தது. பதினேழு வயதுப் பிள்ளை. அந்த வாரமே ஊருக்கு வந்த கங்காணியோடு மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். தொடக்கத்தில் இரண்டு கடிதங்கள் வந்தனவாம். கோபம் தணியாத பாட்டனார் பதில் போடவில்லை. பிறகு தகவலே இல்லை. "இறந்திருப்பார், வாரிசு இருக்காது" என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். கல்லறைத் திருநாளில் அவர் பேருக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். அவர் பங்குக்குரிய 40 சென்ட் நஞ்சையையும் நாங்களே உழுது சாப்பிட்டு வந்தோம். அதையும் சொல்லத்தானே வேண்டும்!

2018 நவம்பரில், அப்போது இங்கிருந்த பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் நம் பழைய ஞானஸ்நானப் பதிவேடு விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இலங்கைத் தபால்தலை ஒட்டிய ஓர் உறை. அட்டன் பகுதியிலுள்ள ஒரு பங்கிலிருந்து வந்தது. அங்கே ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண், தன் பாட்டியின் விருப்பத்துக்காக, பூட்டனாரின் பூர்வீகத்தைத் தேடியிருக்கிறாள். 1934-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவேட்டில், மணமகன் ஞானஸ்நானம் பெற்ற இடமாக நம் ஊர்ப் பெயர் இருந்திருக்கிறது.

அன்பர்களே, ஒரு விவரம் சொல்கிறேன். திருச்சபையில் 1908 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு விதி உண்டு. ஒருவர் எந்த ஊரில் திருமணம் செய்தாலும், அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிக்க வேண்டும். இங்கே அவர் பெயருக்கு எதிரே ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். அந்த விதிப்படி, 1934-ல் அங்கிருந்த குருவானவர் எழுதியிருக்கிறார். இங்கிருந்த குருவானவர் இலத்தீனில் இரண்டு வரி குறித்து வைத்திருக்கிறார். தேதி, ஊர், மணமகள் பெயர் எல்லாம் அந்தக் கடிதத்தோடு அப்படியே ஒத்துப் போயின. எங்கள் வீட்டில் தொலைந்து போனவர் 84 ஆண்டுகளாக நம் கோயில் அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கிறார்!

நான் அழுதேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் எனக்கு முதலில் வந்தது கண்ணீர் அல்ல. அந்த 40 சென்ட்டைப் பற்றிய பயம். கோயில் வாசலில் இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

2019 ஜனவரியில், பொங்கல் கழிந்து நான்காம் நாள், திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். சின்னப் பாட்டனாரின் மகள், எனக்கு அத்தை முறை, 78 வயது. அவருடைய மகன். அந்த ஆசிரியைப் பேத்தி. அத்தை என் தம்பியைப் பார்த்ததும், "எங்கப்பா நடந்து வர்ற மாதிரியே இருக்கே!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டவர், ஊர் வந்து சேரும்வரை விடவில்லை. வீட்டுக்குள் நுழையுமுன் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். ஞானஸ்நானத் தொட்டியின் கல்லைத் தடவித் தடவிப் பார்த்தார். பதிவேட்டின் ஓரக் குறிப்பைப் பங்குத்தந்தை தமிழில் சொல்லக் கேட்டு, தம் தாயின் பெயர் வந்த இடத்தில் "ஆமா, ஆமா" என்றார்.

இரவு எங்கள் வீட்டில் 37 பேருக்குச் சாப்பாடு. தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தேயிலையில் அவரே எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சிரிப்பும் பாட்டுமாக இருந்த நேரத்தில் மெதுவாகக் கேட்டார்: "மருமகனே, எங்கப்பா போட்ட கடுதாசி இங்க வந்துச்சா?"

காலமெல்லாம் கடிதம் கொடுத்தவனுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும்! "வந்தது அத்தை. பதில் போடவில்லை" என்றேன். வயல் விவரத்தையும் அப்போதே சொல்லிவிட்டேன். வீடே அமைதியாகிவிட்டது. அத்தை சிரித்தார். "நெலந் தேடியா இம்புட்டு தூரம் வந்தோம்? ஆளுந் தேடித்தானே வந்தோம்!"

பழைய ஏற்பாட்டு யோசேப்பை அண்ணன்மார் இருபது வெள்ளிக் காசுக்கு விற்றார்கள். ஆண்டுகள் பல கழித்து அவர்கள் முன்னே வந்து நின்றபோது, அவர் காசுக் கணக்குக் கேட்கவில்லை; தகப்பனார் உயிரோடிருக்கிறாரா என்றுதான் கேட்டார். சிறு வயது முதல் கேட்ட இந்த வரலாறு எனக்கு அன்றிரவுதான் புரிந்தது.

அத்தை இன்னொன்றும் கேட்டார். அதற்குச் சிறிது சரித்திரம் சொல்லவேண்டும். 1948-ல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில், 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் பேசினார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஆட்களைச் சுமந்துகொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. அத்தையின் தாய்மாமன் 1973-ல் அந்தக் கோச்சியில் ஏறி, இராமேசுவரம் கப்பலில் வந்தவர். பிறகு தடம் தெரியவில்லை. "இங்க அந்தப் பக்கத்து ஆளுங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

இருக்கிறார்களே! நம் கோயிலுக்குக் கிழக்கே உள்ள குடியிருப்பு முழுவதும் அப்படி வந்தவர்கள்தாமே! மறுநாள் அழைத்துப் போனேன். மாமன் அகப்படவில்லை. ஆனால் அதே தோட்டத்தில், அடுத்த லயத்தில் பிறந்த ஒரு மூதாட்டி இருந்தார். இருவரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையைக் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. உள்ளே வரச் சொல்லிப் பாய் விரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இலங்கைத் தபால்தலை ஒட்டிய கடிதங்களை அந்த வாசலில் எத்தனை முறை கொடுத்திருக்கிறேன்! ஒரு நாளாவது உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. 'சிலோன்காரர்' என்போம். யார் பிள்ளைகள், எந்த ஊரிலிருந்து போனவர்களின் பேரர்கள் என்று கேட்டதில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று இலங்கைக் கோயில்களில் குண்டு வெடித்தது. முந்தைய ஆண்டாக இருந்தால் எனக்கு அது பத்திரிகைச் செய்தி. அன்றோ, அத்தையின் குரல் தொலைபேசியில் கேட்கும்வரை எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. 2022-ல் அங்கே பொருளாதார நெருக்கடி வந்தபோது, தனிக்கணக்காக வைத்திருந்த அந்த 40 சென்ட்டின் விளைச்சல் பணத்தை அனுப்பினோம். அது உதவி அன்று, அவர்களுடையது.

ஆகவே பங்கு மக்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. கரையானுக்குத் தப்பிய பதிவேடுகளைப் புதிதாகக் கட்டடம் செய்து காப்போம். அதற்கு என் ஒரு மாத ஓய்வூதியத்தை இன்றே தந்தை அவர்களிடம் ஒப்படைக்கிறேன். வீட்டுப் பெரியவர்களிடம், போனவர்கள் யார், எங்கே போனார்கள் என்று இன்றிரவே கேட்டு எழுதிவையுங்கள். மூன்றாவது, திருப்பலி முடிந்ததும் கிழக்குத் தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கடல் கடந்து வந்த உறவை மாலை போட்டு வரவேற்ற நாம், கூப்பிடு தூரத்தில் இருக்கும் உறவை விட்டுவிடலாகாது.

அத்தைக்கு இப்போது 80-க்கு மேல் வயதாகிறது. கண் சரியாகத் தெரிவதில்லை. மாதம் ஒரு கடிதம் போடுகிறேன்; பேத்தி படித்துக் காட்டுகிறாள். பாட்டனார் போடாத பதிலை நான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.