தெரு அடைத்திருந்த ஆண்டு

 

உறுமி அடிக்கிற ஒருவனை அழைத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நடந்துகொண்டே வாசிக்கிற கூட்டம் நாங்கள். அந்த நடை நின்றுபோன ஓராண்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2020 பிப்ரவரி 8 தைப்பூசம். முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பியது. 1894-இல் காரைக்குடியிலிருந்து வந்த ரதம் அது. தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் பந்தல், தேங்காய்க் குவியல், பூசத்தன்று காவடிக்கு முன்னால் மேளம். கை காய்த்துப்போய் வீடு திரும்பினோம். மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக மலேசியா முழுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சித்திரா பௌர்ணமி போயிற்று, ஆடி போயிற்று, நவராத்திரி போயிற்று. அடுத்த ஜனவரி 13-ஆம் தேதி பினாங்குக்கு மறுபடியும் ஆணை. 28-ஆம் தேதி தைப்பூசம். ரதம் இல்லை, காவடி இல்லை. கடைத்தெருவில் கேசட் கடைப் பாட்டு, பூக்கடைச் சத்தம் எதுவுமே கேட்கவில்லை.

எங்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை உண்டு. லாரி ஓட்டுகிறவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகிறவர், காவலாளி. மேளத்தை மட்டுமே நம்பியிருந்தவர்கள்தான் நொடித்துப்போனார்கள். அவர்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, சேமநிதி கிடையாது. அரசாங்கம் கொடுத்த பந்துவான் பிரிஹாத்தின் பணம் அரிசிக்கும் வாடகைக்கும் கொஞ்ச நாள் தாங்கியது. 2021 நடுவில் நாடெங்கும் பசித்தவர்கள் உதவி கேட்டு வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள், நினைவிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு தவில்காரர் கொடி கட்ட மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். அந்த மானத்தை நான் மதிக்கிறேன். அவரை அப்படிக் கிடக்க விட்டது நம் சமூகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் சும்மாதானே இருந்தீர்கள், நன்றாகப் பயிற்சி எடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஐயா, உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறோம், மறு முகத்தை அடிக்கிறோம். தேய்ப்பில் எழுகிற அந்தக் குரல் பத்தாம் மாடி அடுக்ககத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். பக்கத்து வீட்டில் பிள்ளைக்கு இணையத்தில் பாடம், எதிர்வீட்டில் நோயாளி. எப்படி அடிப்பது? இளைஞர்கள் கைப்பேசி வைத்து நேரலை செய்து பார்த்தார்கள். அடிச்சத்தம் போய்ச் சேர்ந்தது, அடிவயிற்றைக் கலக்குகிற அந்தக் கனம் கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் வரவே இல்லை. அடிக்காமல் வைத்த தோல் நம் ஊர் ஈரக்காற்றில் தொய்ந்துபோகும். மாதக்கணக்கில் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தோம்.

என் வாத்தியார் அந்த ஆண்டில்தான் காலமானார். எனக்கு உறுமியும் தப்பும் கற்றுக்கொடுத்தவர். கோயிலுக்கு அடிக்கிற கை சாவு வீட்டில் அடிக்கக்கூடாது என்று பேசுகிற குழுக்கள் உண்டு. அவர் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சாமியை அழைப்பதும் மனுசனை அனுப்புவதும் ஒரே வேலைதான் என்பார். எத்தனையோ பேரை அடித்து அனுப்பியவரை, குடும்பத்தார் சிலர் மட்டும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருமுனையில் தப்பு ஒலிக்கவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். அங்கே 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு, பங்குனி சித்திரைத் திருவிழாக் காலம் அப்படியே அறுந்தது. 29-ஆம் தேதி மதுரையில் நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா மறைந்தார். 2003-இல் ‘தூள்’ படம் அவரை உலகத் தமிழருக்கெல்லாம் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன்பே கிராமத்து மேடைகளில் தொண்டை தேயப் பாடியவர். அப்படிப்பட்ட ஒருவரின் சாவுக்கு ஊர் திரளக்கூட முடியாத காலம் அது. ஆனாலும் அங்கே நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று நல வாரியம் ஒன்று இருக்கிறது, பதிந்தவர்களுக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தது. என் குழுவில் ஒருவர் பெயர்கூட எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எங்கள் பையன்கள் ஏட்டைப் பார்த்துக் கற்பதில்லை. பத்து வயதில் ஜால்ராவோடு பின்னால் நடப்பான், கொஞ்ச காலத்தில் பக்கவாட்டுக்கு வருவான், பிறகு ஒருநாள் பெரியவர் கை வலிக்கிறது என்று குச்சியை அவனிடம் கொடுப்பார். காவடி எடுத்தவரின் கால் தளரும்போது தாளத்தை எங்கே இறுக்குவது, சாமி வந்தவருக்கு எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் ஊர்வலத்தில்தான் பிடிபடும். அந்த ஆண்டில் பின்னால் நடக்க வேண்டிய பையன்கள் நடக்கவில்லை. சிலர் திரும்பி வரவே இல்லை.

அதனால் கோயில் நிர்வாகங்களையும் இங்கே இருக்கிற பள்ளி ஆசிரியர்களையும் கும்பிட்டுக் கேட்கிறேன். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மண்டபம், இல்லையென்றால் ஒரு வாகன நிறுத்துமிடம் கொடுங்கள். பூசத்துக்கு முந்தின மாதம் மட்டும் கொடுத்தால் போதாது, வருடம் முழுக்க வேண்டும். வாத்தியார்கள் இருக்கும்போதே அவர்கள் அடிகளைப் பதிவு செய்து வைப்போம். பினாங்கில் மேளம் அடிக்கிற எல்லாருடைய பெயரையும், சாவு வீட்டில் தப்பு அடிக்கிறவர் பெயரையும் சேர்த்தே, ஒரு பேரேட்டில் எழுதுவோம். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இந்த மேசையில்தான் இருப்பேன்.