12 நிமிஷங்களுக்காக ஓர் ஆண்டு

நம் நாட்டுக் கச்சேரியில் நாம் கேட்பது பெரும்பாலும் ஒருவருடைய வித்தையையே. பாடுகிறவரோ வாசிக்கிறவரோ முன்னிற்க, பக்கவாத்தியக்காரர்கள் அவரை அனுசரித்துச் செல்கிறார்கள். மேல்நாட்டிலிருந்து வந்த கிளாரினெட்டும் சாக்ஸபோனுங்கூட நம் மேடையில் இந்த மரபுக்கு உட்பட்டுத் தனிக்கச்சேரி வாத்தியங்களாகிவிட்டன. ஐம்பது பேர் கூடியிருந்தும் ஒருவரும் தனித்துத் தெரியாமல் ஒரே நாதமாக ஒலிப்பது வேறு வகைச் சங்கீதம். அந்தச் சங்கீதத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் ஒப்படைத்து, அதற்கென ஓர் ஆண்டையே வகுத்துக் கொண்டுள்ள நாடு ஜப்பான். அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் பாண்டு வாத்திய கோஷ்டிகளைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பு மூன்று ஆண்டுகள். வாத்திய கோஷ்டி என்பது பாடத்திட்டத்தைச் சேர்ந்ததன்று; வகுப்புகள் முடிந்தபின் மாணவர்கள் தாமே விரும்பிச் சேரும் கழகம். ஏப்ரலில் புதிதாக வருபவர்களுக்கு மூத்த மாணவர்கள் ஒவ்வொரு வாத்தியமாகக் கொடுத்து ஊதச் சொல்லிப் பார்க்கிறார்கள். டிரம்பெட்டை விரும்பி வந்தவனுக்கு டூபா வந்து சேர்வதும் உண்டு. முதற்பயிற்சி பாட்டு அன்று. ஒரே ஸ்வரத்தை மூச்சு உள்ளவரை அசையாமல் பிடித்து நிற்பதுதான். அதன்பின், தன் ஒலியைச் சற்று அடக்கி, பக்கத்தில் இருப்பவரின் ஒலியைக் கேட்டு, அதனோடு சேரக் கற்க வேண்டும். கோஷ்டி வாத்தியத்தின் ஜீவன் இதிலேதான் இருக்கிறது.

கோடை வந்ததும் எல்லோருடைய நினைவும் அகில ஜப்பான் போட்டியின்மீது செல்கிறது. இப்போட்டி 1940-ஆம் ஆண்டில் தொடங்கி, யுத்தத்தினால் இடையில் நின்று, 1956-இல் மீண்டும் உயிர் பெற்றது. பெரிய பிரிவில் ஒரு பள்ளியிலிருந்து 55 பேர் வரையில் மேடையேறலாம். குறித்துக் கொடுக்கப்பட்ட ஓர் உருப்படி, தாமே தேர்ந்துகொண்ட மற்றோர் உருப்படி, இரண்டையும் 12 நிமிஷங்களுக்குள் முடித்தாக வேண்டும். நேரம் மிஞ்சினால் போட்டியிலிருந்தே விலக்கப்படுவார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேல் பெரிய வாத்திய விருந்தத்துக்காக இயற்றிய 'டாஃப்னிஸும் குளோயியும்' போன்ற கடினமான படைப்புகளைப் பதினேழு வயதுப் பிள்ளைகள் ஊதுகருவிகளில் வாசித்துக் காட்டுகிறார்கள் என்றால், அவர்களுடைய உழைப்பை ஊகித்துக் கொள்ளலாம்.

ஆனால் பெரிய கழகங்களில் நூறு பேருக்கு மேலும் இருப்பார்கள். அப்போது வாசிக்கச் சொல்லிக் கேட்டு 55 பேரைப் பொறுக்குகிறார்கள். மூன்றாம் ஆண்டு மாணவி வெளியே நிற்க, முதலாண்டுச் சிறுமி உள்ளே செல்வதும் நடக்கிறது. மேடையேறியவர்களுக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. மாகாண அளவில் பல பள்ளிகளுக்குத் தங்கப் பரிசு கிடைக்கும். அவற்றுள் சிலவே அடுத்த கட்டத்துக்குத் தேர்வு பெறும். தங்கம் பெற்றும் மேலே செல்ல இயலாத நிலைக்கு அப்பிள்ளைகள் 'தாமே கின்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். 'உதவாத தங்கம்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

அதே ஆகஸ்டு மாதத்தில் கோஷியென் மைதானத்தில் பள்ளிகளுக்கிடையேயான பேஸ்பால் பந்தயம் நடைபெறுகிறது. தம் பள்ளி ஆடும்போது கோஷ்டியினர் வெயிலில் நின்று ஊதி உற்சாகமூட்டுகிறார்கள். மரத்தாலான வாத்தியம் வெடித்துவிடாதிருக்கத் துணியால் மூடிக் காக்கிறார்கள். இங்கே பரிசும் இல்லை, நீதிபதியும் இல்லை. 55 என்ற கணக்கும் இல்லை.

போட்டி முடிந்ததும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கல்லூரி நுழைவுத் தேர்வை எண்ணிக் கழகத்திலிருந்து விலகுகிறார்கள். இதற்கு வழங்கும் சொல் 'இன்ட்டாய்', அதாவது ஓய்வு பெறுதல். அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நாம் அச்சொல்லை நரைத்த தலையோடும் மாலை மரியாதையோடும் சேர்த்தே நினைத்துப் பழகியவர்கள். பதினெட்டு வயதுக்கு அது பொருந்துவதைக் கண்டு வியப்பே அடைகிறோம். பின்னர்க் குளிர்காலத்தில் எஞ்சியோர் மூவர் முதல் எண்மர் வரை சிறு குழுக்களாகப் பிரிந்து, கைகாட்டி நடத்துபவர் இல்லாமலே, ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து வாசிக்கும் போட்டிக்குத் தயாராகிறார்கள். வசந்தம் நெருங்கும்போது பல பள்ளிகளில் ஆண்டுக் கச்சேரி நடக்கும். விலகிச் சென்றவர்களும் அன்று திரும்பி வந்து உடன் அமர்வதுண்டு.

இவ்வளவு கடுமை வேண்டுமா என்ற கேள்வி ஜப்பானிலேயே எழுந்தது. விடுமுறையின்றி இரவு வரை நீண்ட பயிற்சிகள் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் சோர்வடையச் செய்தன. 2018 டிசம்பரில் அந்நாட்டுக் கலாசார இலாகா, வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு, பள்ளி நாளில் சுமார் இரண்டு மணி, விடுமுறை நாளில் சுமார் மூன்று மணி பயிற்சி என்று வரம்பு வகுத்தது. 2020-இல் தொற்றுநோய் காரணமாகப் போட்டியே நடைபெறவில்லை. அவ்வாண்டு இறுதி வகுப்பிலிருந்தோர் அந்த 12 நிமிஷங்களைக் காணாமலே பள்ளியை விட்டுச் சென்றனர்.

அப்படியாயின் அவர்களுடைய உழைப்பு வீணாயிற்றா? டோக்கியோவில் பூமொன்கன் என்ற பெரிய அரங்கம் இருந்தது. இறுதிப் போட்டி பல ஆண்டுகள் அங்கேதான் நடந்தது. 2011-க்குப் பின் அங்கு நடக்கவில்லை. பூகம்பத்தைத் தாங்காது என்று கட்டடம் மூடப்பட்டு, இடிக்கப்படுமுன், 2018 நவம்பரில் சில நாட்கள் அதன் மேடை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பழைய மாணவர்கள் வாத்தியங்களுடன் வந்து வாசித்தார்கள். பள்ளி நாட்களில் அந்த மேடையை எட்டிப் பார்க்காதவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். வெற்றி ஒன்றே அவர்களுக்கு மிஞ்சிய செல்வமாயிருந்தால், தோற்றவர்கள் அங்கு வந்திருக்கமாட்டார்கள்.

போட்டி இல்லையேல் அந்த ஊக்கம் பிறந்திராது என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு கழகத்தின் தகுதியை அளக்க மேடையேறிய 55 பேரை மட்டும் கேட்டால் போதாது. வாத்தியப் பெட்டிகளைச் சுமந்து வந்து, திரைக்குப் பின்னால் நின்று, தன் தோழர்களின் வாசிப்பைக் கேட்டுக் கொண்டிருக்கும் அந்த ஐம்பத்தாறாவது பிள்ளையையும் கேட்க வேண்டும். அடுத்த ஆண்டும் தன் வாத்தியத்தைக் கையிலெடுக்க அப்பிள்ளைக்கு விருப்பம் இருக்குமாயின், அங்கே சங்கீதம் கற்பிக்கப்பட்டது என்று நாம் துணிந்து கூறலாம்.