லண்டன் நகரத்தின் லார்டு மேயர்கள்



லார்டு மேயர் என்றதும் பொன் பூசிய குதிரைவண்டியும் சிவப்பு அங்கியும் கண்ணுக்கு முன்னே வந்துவிடும். லண்டனில் ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் அந்த ஊர்வலம் வெறும் வேடிக்கையாகத் தொடங்கியதல்ல. 1215 மே 9 அன்று இங்கிலாந்தின் ஜான் மன்னர், மேயரை ஆண்டுக்கொருமுறை நகரத்தாரே தேர்ந்தெடுக்கலாம் என்று பட்டயம் கொடுத்தார். பிரபுக்களோடு பகை முற்றியிருந்த நேரம். லண்டன் தன்னைக் கைவிட்டுவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. தேர்வானவர் அரசர் முன் வந்து விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிரமாணத்துக்குப் போன பயணமே பிறகு ஊர்வலமாயிற்று. பட்டயம் வாங்கிய சில நாளிலேயே நகரம் பிரபுக்களுக்கு வாயிலைத் திறந்துவிட்டது என்பது வேறு கதை. அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தைக் காக்க நியமித்த 25 பேரில் லண்டன் மேயரும் ஒருவர்.

‘லார்டு’ என்ற அடைமொழியை லண்டனுக்கு எந்த அரசரும் எழுதிக் கொடுக்கவில்லை. வழக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் போன்ற நகரங்களுக்குத்தான் 1890களில் முடியாட்சி அதைப் பட்டமாக வழங்கியது.

அந்த நாற்காலியின் அதிகாரம் என்ன? இரண்டு மனிதர்களை வைத்துச் சொல்கிறேன்.

1666 செப்டம்பரில் தீப்பிடித்தபோது மேயராக இருந்தவர் தாமஸ் பிளட்வர்த். நெருப்பு பரவாமல் இருக்க, அதன் பாதையில் உள்ள வீடுகளை இடித்தாக வேண்டும். உரிமையாளர்கள் சம்மதம் இல்லாமல் இடித்தால் நட்டஈடு யார் தலையில் விழும் என்று அவர் தயங்கினார். இடிக்கும்படி அரசரிடமிருந்தே ஆணை வரவேண்டியதாயிற்று. அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஏறத்தாழ 13,200 வீடுகள் சாம்பலாயின. அவரைக் கோழை என்று சொல்வது எளிது. அவருடைய கணக்கு இன்றைய அதிகாரிகளுக்கும் அந்நியமானதல்ல.

இன்னொரு லார்டு மேயர் பிராஸ் கிராஸ்பி. நாடாளுமன்ற விவாதங்களை அச்சிடுவது அக்காலத்தில் குற்றம். 1771 மார்ச்சில், ஜான் மில்லர் என்ற அச்சகரைப் பிடித்துவரக் காமன்ஸ் சபை தன் சேவகனை அனுப்பியது. நகர எல்லைக்குள் நகர நீதிபதியின் ஒப்புதல் இல்லாமல் யாரையும் கைது செய்ய முடியாது என்பது லண்டனின் பழைய உரிமை. கிராஸ்பி அதைத் துணிந்து பயன்படுத்தினார். ஆல்டர்மேன்கள் எனப்படும் மூத்த மாமன்ற உறுப்பினர்களான ஜான் வில்க்ஸும் ரிச்சர்டு ஆலிவரும் உடன் அமர, அச்சகரை விடுவித்துவிட்டு, கைது செய்ய வந்த சேவகன் மீதே வழக்குப் போட்டார். கிராஸ்பியே காமன்ஸ் உறுப்பினர். சபை தன் உறுப்பினர் என்றும் பார்க்கவில்லை, கீல்வாதத்தால் அவர் படும் வேதனையையும் பார்க்கவில்லை. அவரையும் ஆலிவரையும் லண்டன் கோபுரத்தில் அடைத்தது. கூட்டத்தொடர் முடிந்த மே மாதம் வெளியே வந்தபோது மக்கள் கூட்டம் வரவேற்றது. அதன்பின் விவாதங்களை அச்சிட்டதற்காக அச்சகர்களைத் துரத்தும் வேலையைச் சபை ஏறக்குறைய விட்டுவிட்டது. இன்று நாம் நாளிதழில் சட்டமன்றச் செய்தி படிக்கிறோமே, அந்த வழக்கத்துக்கு இந்த மனிதரும் ஒரு காரணம்.

1988இல் 300 ஆண்டு நிறைந்த நம் சென்னை மாநகராட்சி இந்த ஆங்கில மரபின் வார்ப்புத்தான். 1687 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டயம் வழங்கியது. 1688 செப்டம்பர் 29 அன்று நதானியல் ஹிக்கின்சன் முதல் மேயராகப் பொறுப்பேற்றார். லண்டனில் லார்டு மேயரைத் தேர்ந்தெடுக்கும் மரபான நாளும் அதே செப்டம்பர் 29 தான். அங்கி வந்தது, வெள்ளிச் செங்கோல் வந்தது. ஆங்கிலேயர், போர்ச்சுக்கீசியர், யூதர், இந்து வணிகர் என்று ஆல்டர்மேன்கள் வந்தார்கள். வராதது நகரத்தார் போராடிப் பெற்ற உரிமை. உள்ளூர் ஆட்களைக் கொண்டே வரி வசூலிக்கலாம் என்று கம்பெனியின் ஜோசையா சைல்டு போட்ட கணக்கில் பிறந்தது இந்த மாநகராட்சி. ஆனால் மக்கள் வரி கட்ட மறுத்தார்கள்.

இடையில் மறைந்துபோன மேயர் பதவி 1933இல் ராஜா சர் முத்தையா செட்டியாருடன் திரும்பி வந்தது. 1957இல் தாரா செரியன் முதல் பெண் மேயரானார். ஆனால் நிர்வாக அதிகாரம் அரசு நியமிக்கும் ஆணையரிடமே இன்றும் இருக்கிறது. மாமன்றத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் சாலை, குடிநீர் பற்றிக் கேட்கிறோம். மேயருக்கு என்ன அதிகாரம் வாங்கித் தருவீர்கள் என்ற கேள்வியையும் தயவுசெய்து சேர்த்துக் கேளுங்கள்.